வீட்டுக் கரண்டுக்கு எதுக்கு ஓடிபி?



கொஞ்சம் நீளமான பதிவு. மின்சாரக் கார் வாங்கியவர்கள், வாங்க யோசிப்பவர்கள், வாப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகள், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

"அங்கிள், மகன் வீட்ல இல்லையா? மகன்ட நம்பரத் தாங்க, அதுல போடுவோம்."

வீட்டில் கார் சார்ஜர் பூட்ட வருபவர்கள் நம் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லும் வசனம் இது. சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் கருத்து ஒன்றுதான். நாற்பது வருடம் கடை நடத்தி, பிள்ளைகளைப் படிப்பித்து, ஹஜ்ஜும் செய்து, சொந்தக் காசில் கார் வாங்கிய மனிதனுக்கு, தன் வீட்டுச் சுவரில் உள்ள கரண்டைத் தன் காருக்கு ஏற்றத் தகுதி இல்லை என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். "அங்கிள்" என்ற சொல் அதை மறைத்துவிடாது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். வீட்டில் கார் சார்ஜ் பண்ணுவதற்கு ஸ்மார்ட் போன் தேவையில்லை. தேவை என்று யாராவது சொன்னால், அது அவர் விற்கும் பெட்டியின் குறை. உங்கள் குறை இல்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அதன் பிறகு கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை என்று எந்தப் பாதையில் நின்றாலும் புதிய மின்சாரக் கார்கள் போகின்றன. பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்த 2022 ஐ நாம் மறக்கவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு வீட்டிலேயே "பெற்றோல் அடிக்கலாம்" என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வாங்குபவர்களில் ஐம்பது, அறுபது வயது தாண்டியவர்களும் இருக்கிறார்கள். கையில் காசு சேர்ந்திருப்பதும் அந்த வயதில்தானே.

காருடன் சேர்த்து ஒரு சுவர்ப் பெட்டியும் வருகிறது. பெட்டிக்கு ஒரு ஆப். ஆப்புக்கு ஈமெயில், பாஸ்வேர்ட், ஓடிபி, வைபை. அதன் பிறகுதான் கரண்ட்.

இதெல்லாம் உண்மையிலேயே அவசியமா என்று பார்ப்போம்.

2014, 2015 காலத்தில் வரி குறைந்தபோது ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இந்த நாட்டுக்கு வந்தன. கண்டியிலும் இன்னும் ஓடுகின்றன. திரையில் ஜப்பான் எழுத்து, காரோடு வந்த ஒரு வயர், சுவரில் தனியாக இழுத்த ஒரு பிளக். அவ்வளவுதான். ஜப்பானில் அந்தக் காருக்கு இருந்த ஆப் இங்கே வேலை செய்ததாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஆப் இல்லாததால் ஒரு லீஃப் சார்ஜ் ஏறாமல் நின்றதாகவும் கேள்விப்பட்டதில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்த வேலைக்கு இன்று திடீரென்று ஓடிபி ஏன்?

வீட்டில் கார் சார்ஜ் ஏற்றும் பெட்டியைச் "சார்ஜர்" என்கிறோம். உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டுக் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுவது அதுதான். சுவரில் இருப்பது கரண்டைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சுவிட்ச். கார் ஒழுங்காக இணைந்திருக்கிறதா, எர்த் இருக்கிறதா, எவ்வளவு அம்பியர் எடுக்கலாம் என்பதைக் காரும் பெட்டியும் அந்த வயர் வழியாகவே பேசி முடிவு செய்கின்றன. அந்தப் பேச்சில் இன்டர்நெட்டுக்கு இடமே இல்லை. ஆப் என்பது மேலே ஒட்டிய ஸ்டிக்கர். விரும்பியவர் ஒட்டிக்கொள்ளட்டும். ஒட்டாவிட்டால் கரண்ட் வராது என்பது வியாபாரம்.

இனி கணக்குக்கு வருவோம். நாங்கள் வாத்திமார், கணக்கு இல்லாமல் எங்களுக்குப் பேச வராது.

மின்சாரக் கார் ஒன்று ஒரு யுனிட்டுக்கு ஏறக்குறைய 6 முதல் 7 கிலோமீற்றர் ஓடும். கம்பளையிலிருந்து கண்டிக்கு வந்து திரும்பினால் சுமார் 40 கிலோமீற்றர், அதாவது 6 யுனிட். அக்குறணையிலிருந்து வருபவருக்கு அதில் பாதி. காரோடு வரும் சாதாரண வயர் 10 அம்பியரில் மணிக்கு 2.3 யுனிட் ஏற்றும். இரவு 10.30 க்குத் தொடங்கி காலை 5.30 வரை ஏழு மணி நேரம் விட்டால் 16 யுனிட், சுமார் 100 கிலோமீற்றர். பிள்ளைகளை ஸ்கூலில் விட்டு, கடைக்குப் போய், ஜும்ஆவுக்குப் போய், ஒரு கலியாண வீட்டுக்கும் போய் வர இது போதாதா?

ஆனால் உங்களுக்கு விற்பது 7 கிலோவாட் பெட்டி. அதற்கு 32 அம்பியர் வேண்டும். நம்மில் பலருடைய வீட்டுக்கு மின்சார சபை தந்திருப்பது ஒற்றை பேஸ், 30 அம்பியர் இணைப்பு. வீடு முழுவதற்கும் உள்ள கரண்டை விட ஒரு பெட்டி கேட்கும் கரண்ட் அதிகம்! பெட்டி இயங்கும்போது உம்மா அயன் பண்ணினால் மெயின் ட்ரிப் ஆகும். அப்போது என்ன சொல்வார்கள் தெரியுமா? "ஆப்ல அம்பியரைக் குறைச்சிக்கலாம் அங்கிள்." தேவைக்கு மேல் பெரிய பெட்டியை விற்று, அதைச் சிறிதாக்க ஒரு ஆப்பையும் தருகிறார்கள். அம்பியரைக் குறைக்க ஒரு பட்டன் வைத்த வயர்களும் உண்டு. பூட்டும்போதே பெட்டிக்குள் குறைத்து வைக்கவும் முடியும்.

அடுத்து, "ஆப் இருந்தால்தான் பில் குறையும்" என்ற கதை. இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்.

சாதாரண வீட்டு மீட்டருக்கு நேரம் தெரியாது. நீங்கள் மஃரிபுக்குப் பிறகு ஏற்றினாலும் நடுச்சாமத்தில் ஏற்றினாலும் அது யுனிட்டை மட்டும்தான் எண்ணும். நாளுக்கு 6 யுனிட் என்றால் மாதம் 180 யுனிட். 180 ஐத் தாண்டிய யுனிட்டுகளுக்குத்தான் வீட்டுக் கட்டணத்தில் ஆகக் கூடிய விலை. அதாவது கார் மட்டுமே உங்களை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதன் பிறகு வீட்டின் ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஆக உயர்ந்த விலையில் ஓடும். எந்த ஆப்பாலும் இதை மாற்ற முடியாது.

இதை மாற்றக்கூடியது மின்சார சபையின் நேரத்துக்கேற்ற கட்டண முறை. அதில் காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் விலை, 6.30 முதல் 10.30 வரை உச்ச நேர விலை, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை உச்சமற்ற நேர விலை. 2015 இல் அந்த முறை வீடுகளுக்கு வந்தபோது உச்சமற்ற நேரத்தில் ஒரு யுனிட் 13 ரூபா, உச்ச நேரத்தில் 54 ரூபா. விலைகள் அதன் பிறகு பல தடவை மாறிவிட்டன, ஆனால் வித்தியாசம் எந்தப் பக்கம் என்பது மாறவில்லை. தொடக்கத்தில் மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீடுகளுக்கே அது கிடைத்தது. உங்கள் இணைப்புக்கு என்ன வழி, இன்றைய விலை என்ன என்பதை உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், அல்லது 1987 க்குச் சாதாரண போனில் அழையுங்கள். பில்லைக் குறைப்பது அங்கே நிரப்பும் ஒரு படிவம்.

அந்த முறைக்கு மாறியவர்கள் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இஷாத் தொழுதுவிட்டு வந்து காரைக் குத்தினால் அது சரியாக உச்ச நேரம். 10.30 வரை பொறுக்க வேண்டும். அதற்குத்தான் டைமர். பெரும்பாலான மின்சாரக் கார்களில், பழைய லீஃப் உட்பட, காரின் திரையிலேயே டைமர் இருக்கிறது. ஒரு தடவை வைத்துவிட்டால் தினமும் குத்திவிட்டுப் படுக்கலாம். சுபஹுக்கு எழும்பும்போது ஏறி முடிந்திருக்கும். காரை ஒப்படைக்கும் நாளில் ஷோரூம் பிள்ளை இதைப் பத்து நிமிடத்தில் காட்டித் தரலாம். காட்டாமல் ஆப்பை மட்டும் இறக்கித் தருகிறார் என்றால், அவர் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்.

கூரையில் சோலார் பூட்டிய வீடுகளுக்கு இன்னும் இலகு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்து கரண்ட் மிஞ்சுகிறது என்று கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். பகலில் வீட்டில் இருந்து, கார் வாசலில் நிற்க, வெயிலில் வரும் கரண்டை ஏற்றக்கூடியவர் யார்? ஓய்வுபெற்ற பெரியவர்தான். நாட்டுக்கு ஆக நல்ல நேரத்தில் சார்ஜ் பண்ணக்கூடியவரைத்தான் "உங்களுக்கு இது விளங்காது அங்கிள்" என்று ஓரத்தில் இருத்துகிறோம்.

ஆப்பினால் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு வீடு. ஆப் கணக்கு கட்டாரில் உள்ள மகனின் நம்பரில் இருக்கிறது. வைபை ரவுட்டரை மாற்றிய நாளிலிருந்து பெட்டியில் சிவப்பு லைட். வாப்பா அழைத்தால் கம்பனி "கணக்குச் சொந்தக்காரர் பேசணும்" என்கிறது. மகனுக்கு டியூட்டி. கார் மூன்று நாள் போர்ட்டிகோவில். அந்த வீட்டு உம்மாவுக்கு டயலிசிஸ் உள்ள கிழமை அது. கடைசியில் த்ரீவீலரில் கூட்டிப் போனார்கள். புத்தம் புதிய கார் வாசலில் நிற்க, கரண்டும் வீட்டில் இருக்க, நோயாளி த்ரீவீலரில்.

கணவன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கணவன் மௌத்தாகி, அவருடைய சிம் வெட்டுப்பட்ட பிறகு இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுடைய வீட்டு மீட்டர் அவளுடையது, பில் அவள் கட்டுவது, ஆனால் பெட்டி கேட்கும் ஓடிபி கப்றுக்குப் போன ஒருவரின் நம்பருக்குப் போகிறது.

மொழியையும் பாருங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பிலேயே வந்தது. நாங்கள் கையில் எடுத்துப் பார்த்த சார்ஜர் ஆப் ஒன்றிலாவது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. "அப்டேட் ஃபெயில்ட்" என்று ஆங்கிலத்தில் வந்தால் அதை வாசிக்க ஒரு பேரப்பிள்ளை வேண்டும்.

இன்டர்நெட் எப்போதும் இருக்கும் என்று நம்புபவர்கள் கண்டியில் வாழவில்லையா? 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கப்பட்டது, நம் மாவட்டத்தில் இன்டர்நெட்டே மட்டுப்படுத்தப்பட்டது. நோயாளியையோ பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு வெளியேற வேண்டி வருமோ என்று நாம் விழித்திருந்த இரவுகள் அவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைகள் சரிந்தபோது கரண்டும் போனது, சிக்னலும் போனது. அடுத்த தடவை கரண்ட் திரும்பும் நாளும் சிக்னல் திரும்பும் நாளும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்தக் கம்பனி எழுதித் தரும்?

கம்பனியே இல்லாமல் போனால்? இது கற்பனை இல்லை. எனெல் எக்ஸ் வே என்ற கம்பனி வட அமெரிக்காவில் வீடு வீடாக "ஜூஸ்பொக்ஸ்" சார்ஜர் விற்றது. 2024 ஒக்டோபர் தொடக்கத்தில், அதே மாதம் 11 ஆம் திகதியோடு கடையை மூடுவதாகவும் ஆப்புக்கான ஆதரவை நிறுத்துவதாகவும் அறிவித்தது. ஒன்பது நாள் அவகாசம். வயரைக் குத்தினால் ஏறும் வசதி இருந்ததால் வீட்டுப் பெட்டிகள் பிழைத்தன. பிரித்தானியாவில் 2016 க்கு முந்திய லீஃப் கார்களின் ஆப் 2024 ஏப்ரல் 1 இல் நின்றது, காரணம் அது நம்பியிருந்த 2ஜி வலையமைப்பு மூடப்படுவது. கார் ஓடியது, ஆப் மௌத்தானது. சுவர்ப் பெட்டி பத்துப் பதினைந்து வருடம் இருக்க வேண்டிய சாமான். எந்த ஆப் அத்தனை வருடம் உயிரோடு இருக்கும்?

"காலத்தோட போகத்தான் வேணும். பெரியவங்களும் படிச்சுக்கணும்" என்று சில தம்பிமார் எழுதுவார்கள் என்று தெரியும். எழுதுங்கள். எங்கள் பதிலையும் வாசியுங்கள்.

படிப்பது எங்கள் தொழில். கல்வியியற் கல்லூரியில் முதல் வருடமே சொல்லித் தந்தது, வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடம் விளங்காவிட்டால் பிள்ளைகளைக் குறை சொல்லும் முன் பாடத்தைப் பார் என்று. கார் ஓட்டத் தெரிந்த, கணக்குப் பார்க்கத் தெரிந்த, குர்ஆனை மனனமாக ஓதும் ஒரு மனிதருக்கு உங்கள் பெட்டி விளங்கவில்லை என்றால், பெட்டியை மாற்றுங்கள். சிலருக்குக் கண் மங்கல். சிலருக்கு விரல் நடுக்கம். சிலருக்கு, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஓடிபி கேட்டு ஏமாற்றும் கும்பலுக்குப் பயம். "யாருக்கும் ஓடிபி கொடுக்காதீங்க" என்று நாம்தானே அவர்களுக்குச் சொல்லி வைத்தோம்?

ஸ்பெயினில் கார்லோஸ் சான் ஹுவான் என்ற 78 வயது ஓய்வுபெற்ற வைத்தியர், எல்லாவற்றையும் ஆப்புக்கு மாற்றிய வங்கிகளுக்கு எதிராக 2022 இல் கையெழுத்துத் திரட்டினார். "எனக்கு வயசாகிட்டு, ஆனா நான் முட்டாள் இல்ல" என்பதுதான் கோஷம். ஆறு இலட்சத்துக்கு மேல் கையெழுத்து. வங்கிகள் இறங்கி வந்தன. அவர் ஆப்பை மூடச் சொல்லவில்லை, மனிதனுக்கும் ஒரு வழி வையுங்கள் என்றார். நாங்களும் அதைத்தான் கேட்கிறோம்.

"உலகமே ஸ்மார்ட் சார்ஜருக்குப் போகுது" என்பவர்களுக்கு இன்னொன்று. வீட்டுச் சார்ஜர் ஸ்மார்ட்டாக இருக்கத்தான் வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு பிரித்தானியா, 2022 ஜூன் 30 முதல். அதே சட்டத்தில், இணைய இணைப்பு அறுந்தாலும் பெட்டி தொடர்ந்து கார் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஸ்மார்ட்டைக் கட்டாயமாக்கியவர்களே ஆப் இல்லாத வழியையும் கட்டாயமாக்கியிருக்கும்போது, இங்கே மட்டும் என்ன?

"பூட்டு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டார் கரண்ட் எடுப்பாங்க" என்றும் சொல்வார்கள். அதற்குத் திறப்பு போட்டுப் பூட்டும் ஒரு சுவிட்ச் போதும். அல்லது பெட்டியில் தட்டும் கார்ட். பல பெட்டிகளில் கார்ட் வசதி ஏற்கனவே இருக்கிறது, பெட்டியோடு வந்த கார்ட் உறை பிரிக்காமலே கிடக்கிறது.

ஆகவே காசு கொடுக்கும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.

1. வைபை இல்லாமல், போன் இல்லாமல், வயரைக் குத்தியதும் சார்ஜ் ஏறுமா? என் கண் முன்னால், ரவுட்டரை ஓஃப் பண்ணிவிட்டுக் காட்டுங்கள்.

2. என் வீட்டு இணைப்பு எத்தனை அம்பியர்? அதற்கு ஏற்ற அளவில் பெட்டியைப் பூட்டும்போதே வைத்துத் தருவீர்களா?

3. காரின் திரையில் டைமர் வைப்பது எப்படி? எனக்குக் காட்டுங்கள், என் மகனுக்கு அல்ல.

4. தமிழிலோ சிங்களத்திலோ ஒரு பக்கத் தாள் தருவீர்களா? எந்த லைட் வந்தால் என்ன அர்த்தம் என்று.

5. பழுதானால் சாதாரண போனில் அழைக்க, மனிதர் பேசும் நம்பர் எது?

முதலாவது கேள்விக்கு "இல்லை" என்றால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். வேறு பெட்டிகள் இருக்கின்றன. ஆப் இல்லாமல் இயங்கும் என்று சொல்லி விற்றுவிட்டுப் பிறகு மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இருக்கிறது. வாயால் சொன்னதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அதேநேரம், "ஆப் வேண்டாம்" என்பதை "எப்படியும் குத்தலாம்" என்று விளங்கிக்கொள்ளாதீர்கள். ஹோலில் உள்ள பழைய பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் இழுத்து இரவு முழுக்கக் கார் ஏற்றுவது வீட்டுக்கு நெருப்பு வைக்கும் வேலை. கேத்தல் ஐந்து நிமிடத்தில் நிற்கும், கார் ஏழு மணி நேரம் இழுக்கும். காருக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த் வேண்டும். தகைமைச் சான்றிதழ் உள்ள வயரிங் பாஸைக் கொண்டு செய்யுங்கள். ஆப்புக்குப் போகும் காசை எர்த்துக்குப் போடுங்கள்.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் விற்கப்படும் எந்த வீட்டுச் சார்ஜரும் இணையமும் போனும் இல்லாமல் இயங்க வேண்டும், பாவனைத் தாள் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். கார்கள் இப்போதுதான் வந்து இறங்குகின்றன. ஆயிரக்கணக்கான சுவர்களில் பெட்டி ஏறிய பிறகு விதி போட்டு என்ன பயன்?

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறோம். ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, நம் ஊர் வயரிங் பாஸ் ஒருவரையும் மின்சாரக் கார் வைத்திருக்கும் ஒருவரையும் அழைத்து, பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் காரை முன்னால் வைத்தே காட்டிக் கொடுங்கள். டைமர், பிரேக்கர், மின்சார அலுவலகப் படிவம், இந்த மூன்றும் ஒரு மணி நேரப் பாடம். படிப்பிக்க நாங்கள் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

கடைசியாக ஒன்று. இந்தப் பதிவு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பலர் பேஸ்புக்கில் இல்லை. அதனால் லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐந்து கேள்விகளையும் ஒரு கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி உங்கள் வாப்பாவின் கையில் கொடுங்கள். ஷோரூமுக்கு அவரோடு போங்கள், ஆனால் பேச அவரை விடுங்கள்.

வஸ்ஸலாம்.